தட்டையாக வர வேண்டிய ஆடி குழியாடியாக வந்தபோது

லேசர் கதிரை இடமும் வலமுமாக வீசும் ஒரு நுண்ணாடி. குறுக்களவு 1 மில்லிமீட்டர், தடிமன் 25 மைக்ரான், பொருள் சிலிக்கான். மேலே தங்கப் பூச்சு, இரண்டு பக்கமும் முறுக்கிக்கொடுக்கும் மெல்லிய கீல்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆடி அசைவதில் எந்தச் சிக்கலும் வரவில்லை. அது தட்டையாக இருப்பதில்தான் எல்லாச் சிக்கலும் வந்தது. அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஓட்டும் மின்சுற்று, மின்முனை வடிவம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன்.

எவ்வளவு தட்டையாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டோம். சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 63 நானோமீட்டர். ஆடியின் நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள உயர வித்தியாசம் இதற்குள் நிற்க வேண்டும். கதிர் போய்த் திரும்புவதால் பரப்பில் இருக்கும் பிழை அலைமுகப்பில் இரட்டிப்பாகிவிடும். ஆகவே யாராவது ‘பத்தில் ஒரு பங்கு’ என்று சொன்னால், பரப்பைச் சொல்கிறாரா அலைமுகப்பைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் எடுத்துக்கொண்டது பரப்புக் கணக்கு. 1 மில்லிமீட்டர் ஆடிக்கு 63 நானோமீட்டர் குழிவு என்றால் வளைவு ஆரம் சுமார் 2 மீட்டர். அதைவிடச் சிறிய ஆரம் வந்தால், ஆடி இருக்கும் சிலிக்கான் சில்லு தேறாது.

முதல் சில்லை, ஒளி அலைகளின் குறுக்கீட்டு வரிகளால் உயர வித்தியாசத்தைக் காட்டும் இன்டர்ஃபெரோமீட்டர் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பச்சை ஃபில்டரைப் போட்டதும் தெரிந்தது வட்டத்துக்குள் வட்டமாக வரிகள். பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர் என்று வைத்தால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உயர வித்தியாசம் அதில் பாதி, 275 நானோமீட்டர். எண்ணிப் பார்த்தால் ஏழே முக்கால் வட்டம் வந்தது. அப்படியானால் 2 மைக்ரானுக்கு மேல் குழிவு. இலக்கைப்போல முப்பது மடங்குக்கும் அதிகம்.

வட்டங்களை மட்டும் பார்த்தால் நடு பள்ளமா மேடா என்று தெரியாது. அதற்கு ஃபில்டரை எடுத்துவிட்டு வெள்ளை ஒளியில் பார்க்க வேண்டும். வெள்ளை ஒளியில் ஒரே ஒரு வரிதான் பளிச்சென்று தெரியும்; லென்ஸ் எந்த உயரத்தைக் குவிக்கிறதோ அந்த உயரத்தில் அது நிற்கும். லென்ஸை மெதுவாக உயர்த்தினேன். அந்த வரி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரிந்தது. விளிம்பு உயரம், நடு பள்ளம். குழியாடி.

இந்த இடத்தில் மென்பொருளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பரப்பின் ஏற்றத்தாழ்வை அளக்கும் ப்ரொஃபைலர்களோடு வரும் மென்பொருள் பலவற்றில் சாய்வை நீக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வளைவை நீக்கும் பொத்தானும் இருக்கும். முன்னால் உட்கார்ந்தவர் எதையோ அளந்துவிட்டு அதை அப்படியே விட்டுப் போயிருந்தால், உங்கள் குழியாடி திரையில் அருமையான தட்டையாடியாகத் தெரியும். சாய்வை மட்டும் நீக்குங்கள். கோள வடிவத்தை நீக்காதீர்கள்.

தங்கத்தின் மேல் விழுந்த பழி

லேபில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது தங்கத்தை. உலோகத்தை ஆவியாக்கிப் பூசும் எவாப்பரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் திரையைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “தங்கம்தான் தம்பி இழுக்குது. பாதியாக் குறைச்சுப் போடுவோம்.” காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஆவியாக்கிப் படிய வைக்கும் உலோகப் படலம் பெரும்பாலும் இழுவிசைத் தகைவோடுதான் உட்காரும் (தகைவு என்பது ஓர் அலகு பரப்புக்கு உள்ளே இருக்கும் விசை). ஒட்டியிருக்கும் பரப்பு விட்டால் சுருங்கிவிட வேண்டும் என்ற நிலையில் அது இருக்கும். அடியில் இருக்கும் சிலிக்கான் விடாது. விடாததால் சிலிக்கானின் மேற்பரப்பு உள்நோக்கி இழுபட்டு, விளிம்புகள் மேலே எழும். அதுவும் குழியாடியைத்தான் தரும். திசை சரியாகப் பொருந்தியது.

திசை பொருந்தினால் போதாது, அளவும் பொருந்த வேண்டும். நான் நின்று கணக்குப் போட்டது அங்கேதான்.

மென்படலத் தகைவைப் பற்றிப் பேசும் எல்லோரும் மெகாபாஸ்கலில் பேசுகிறார்கள். வளைவைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு அந்த எண் பாதிக் கதைதான் சொல்லும். வளைப்பது தகைவு அல்ல; தகைவைத் தடிமனால் பெருக்கினால் கிடைக்கும் விசை. ஒரு மீட்டர் அகலத்துக்கு இத்தனை நியூட்டன் என்று அதைச் சொல்லலாம். எங்கள் பூச்சில் 100 நானோமீட்டர் தங்கம். அதன் தகைவு 100 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டால் மீட்டருக்கு 10 நியூட்டன். தங்கம் சிலிக்கானில் நேராக ஒட்டாது என்பதால் அடியில் 10 நானோமீட்டர் குரோமியம். ஆவியாக்கிய குரோமியம் 1000 மெகாபாஸ்கல் வரை இழுவிசையோடு படிவது வாடிக்கை. அதுவும் மீட்டருக்கு 10 நியூட்டன். பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாதது போலத் தோன்றும் ஒட்டுப்படலம், அதைவிடப் பத்து மடங்கு தடித்த தங்கத்துக்குச் சமமாக இழுக்கிறது. பூச்சு விவரம் எழுதும்போது ‘குரோமியம்/தங்கம்’ என்று எழுதிவிட்டுக் குரோமியத்தை மறந்துபோகும் பழக்கம் நம்மிடம் உண்டு. வளைவு அதை மறப்பதில்லை.

இரண்டும் சேர்ந்து மீட்டருக்கு 20 நியூட்டன். இதை வளைவாக மாற்ற 1909-இல் ஜெரால்டு ஸ்டோனி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் தந்த சூத்திரம் இருக்கிறது. அவர் எஃகு அடிக்கோல்கள் மேல் நிக்கல் முலாம் பூசி, கோல் எவ்வளவு வளைந்தது என்று அளந்து, நிக்கலில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். படல விசையை ஆறால் பெருக்கி, அடித்தட்டின் விறைப்பாலும் அதன் தடிமனின் வர்க்கத்தாலும் வகுத்தால் வளைவு கிடைக்கும். அவர் எழுதியது ஒரு திசையில் மட்டும் வளையும் கோலுக்கு. இரண்டு திசையிலும் வளையும் தட்டுக்கு, பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தை, ஒன்றில் பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற எண்) கழித்த எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டும். படிகத்தின் 100 என்ற தளம் மேற்பரப்பாக வரும்படி வெட்டிய வழக்கமான சிலிக்கானுக்கு அந்த மதிப்பு 180 கிகாபாஸ்கல். அந்த முகத்தின் தளத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் அதே மதிப்புதான்.

25 மைக்ரான் சிலிக்கானுக்கு எண்களைப் போட்டால் ஆரம் சுமார் 0.94 மீட்டர், குழிவு சுமார் 133 நானோமீட்டர். இலக்கைத் தாண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் நான் பார்த்தது 2 மைக்ரானுக்கு மேல். இந்தப் பூச்சால் அந்தக் குழிவைத் தர முடியாது. தர வேண்டுமானால் தங்கமும் குரோமியமும் நான் நினைத்ததைப்போலப் பதினாறு மடங்கு இழுக்க வேண்டும். அத்தனை தகைவைத் தாங்குவதற்கு முன்பே தங்கம் இளகிக் கொடுத்திருக்கும்.

வாதம் செய்வதைவிடக் கரைத்துப் பார்ப்பது சுலபம். ஒரு சில்லை எடுத்துப் பொட்டாசியம் அயோடைடு-அயோடின் கரைசலில் தங்கத்தைக் கரைத்து, கழுவி, மெதுவாக உலர்த்தி, மறுபடி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். குறைந்தது கால் வட்டம். பிறகு குரோமியத்தையும் கரைத்தேன். இன்னொரு கால் வட்டம். பூச்சே இல்லாத வெறும் சிலிக்கான் ஆடியில் ஏழே கால் வட்டம் அப்படியே நின்றது. கணக்கு சொன்ன அரை வட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தியது. தங்கத்துக்கும் குரோமியத்துக்கும் ஆளுக்குக் கால் வட்டம் என்ற பங்கீடும் பொருந்தியது.

சில்லைக் கவிழ்த்துப் பார்த்தது

சில்லுகளை வெட்டியெடுக்கும் வட்டத் தகடான வேஃபர் எஸ்.ஓ.ஐ வகை, அதாவது காப்புப் படலத்தின் மேல் சிலிக்கான்: மேலே 25 மைக்ரான் சிலிக்கான், அதற்கு அடியில் புதைந்த 1 மைக்ரான் ஆக்சைடு, அதற்கும் அடியில் தடித்த தாங்கு சிலிக்கான். முன்பக்கத்திலிருந்து ஆழமாக அரித்து ஆடியையும் கீலையும் வெட்ட வேண்டும். பின்பக்கத்திலிருந்து தாங்கு சிலிக்கானைக் குடைந்து ஆடிக்கு அடியில் வெற்றிடம் உண்டாக்க வேண்டும். கடைசியில் எச்.எஃப் (ஹைட்ரஜன் ஃப்ளூரைடு) ஆவியில் வைத்து நடுவில் இருக்கும் ஆக்சைடை எடுத்துவிட வேண்டும். ஒட்டுப்படலத்துக்கு டைட்டானியம் போடாமல் குரோமியம் போட்டதற்கும் இந்தக் கடைசிப் படிதான் காரணம். டைட்டானியத்தை எச்.எஃப் தின்றுவிடும்.

சில்லைக் கவிழ்த்து, பின்பக்கக் குழிக்குள் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தேன். சாம்பல் நிறச் சிலிக்கான் தெரிந்திருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய வளையம் சாம்பலாக இருந்தது. உள்ளே முழுக்க இளஞ்சிவப்பு. சிலிக்கான் மேல் வளர்ந்த ஆக்சைடின் நிறம் அதன் தடிமனைச் சொல்லிவிடும். க்ளீன் ரூம் சுவர்களில் அந்த நிற அட்டவணை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 மைக்ரானுக்கு எதிரே இந்த இளஞ்சிவப்புதான் இருக்கும். ஆக்சைடு கரையவே இல்லை.

அது இருந்தால் என்ன ஆகும்? ஏறக்குறைய 1000 டிகிரியில் வளர்ந்த ஆக்சைடு அறை வெப்பத்துக்கு வரும்போது, சிலிக்கான் அதைவிட அதிகமாகச் சுருங்கும். ஆக்சைடு நெருக்கப்பட்டு அமுக்கத் தகைவில் மாட்டிக்கொள்ளும். அளவு 300 மெகாபாஸ்கலை ஒட்டி. 1 மைக்ரான் தடிமனுக்கு மீட்டருக்கு 300 நியூட்டன்! மேலே இருக்கும் பூச்சின் 20 நியூட்டனை இதோடு வைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் ஆக்சைடு விரியப் பார்க்கிறது. மேலே இருக்கும் உலோகம் சுருங்கப் பார்க்கிறது. இரண்டுமே ஆடியை ஒரே பக்கம்தான் வளைக்கும், விளிம்புகளை மேலே தூக்கும். அதனால்தான் திசையை வைத்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஆக்சைடுக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஆரம் 6 சென்டிமீட்டர் சொச்சம், குழிவு 2 மைக்ரான். ஏழே கால் வட்டத்துக்குக் கணக்கு நேரானது.

ஆடி ஏன் அசைந்தது என்ற கேள்வி மிச்சம். முன்பக்க வெட்டுக்கு அடியில் தெரிந்த ஆக்சைடை எச்.எஃப் ஆவி தின்றுவிட்டது. ஆடி விடுபட்டு ஆடியது. விளிம்பில் தெரிந்த சாம்பல் வளையமும் அங்கிருந்து உள்ளே போன அரிப்புதான். பின்பக்கம் நேராகத் திறந்து கிடந்த ஆக்சைடு மட்டும் தப்பியது. காரணம், ஆழ அரிப்பு முறையில் சுவர்களைக் காப்பாற்ற ஒவ்வொரு சுற்றிலும் படியவிடும் ஃப்ளூரோகார்பன் பாலிமர். அது குழியின் அடித்தரையில் ஒரு தோலாகத் தங்கியிருந்தது. முன்பக்க ரெசிஸ்ட் (அரிக்கக் கூடாத இடத்தை மூடும் பாதுகாப்புப் படலம்) ஆக்சிஜன் பிளாஸ்மாவில் போனபோது அங்கிருந்த பாலிமரும் கூடவே போய்விட்டது. பின்பக்க ரெசிஸ்ட் போனது அசிட்டோனில். அசிட்டோன் இந்தப் பாலிமரைச் சீண்டாது, எச்.எஃப் ஆவியும் அதைத் தாண்டாது.

மருந்து எளிது. சில்லைக் கவிழ்த்து, ஆடி எதிலும் படாதபடி நான்கு ஓரத்திலும் சிலிக்கான் துண்டுகளை முட்டுக் கொடுத்து, ஆக்சிஜன் பிளாஸ்மா கொடுத்தோம். தொடர்ந்து கொடுத்தால் சில்லு சூடேறும் என்பதால் விட்டுவிட்டுக் கொடுத்தோம். பிறகு மறுபடி எச்.எஃப் ஆவி. சில்லைப் பிடிக்கும் தட்டு 40 டிகிரியை ஒட்டிச் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் பரப்பில் நீர்ப்படலம் கட்டி, அரிப்பு கட்டுக்கு அடங்காமல் போய், ஆடி எதிலாவது ஒட்டிக்கொள்ளும். நடுநடுவே எடுத்து நிறம் பார்த்தோம். இளஞ்சிவப்பு பச்சைக்கும் சிவப்புக்கும் நீலத்துக்குமாக மாறி, பழுப்பாகி, கடைசியில் சாம்பலானது. எச்.எஃப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் சொல்லிவிடுகிறேன்: எச்.எஃப் பட்ட காயத்துக்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கு எட்டும் இடத்தில் இல்லாவிட்டால் அந்த அறைக்குள் போக வேண்டாம்.

பூச்சோடு இருந்த இன்னொரு சில்லுக்கும் இதையே செய்து பார்த்தபோது வட்டங்கள் காணாமல் போயின. பாதி வரிக்கும் குறைவான ஒரு நிழல் மட்டும் மிச்சம். அதற்கு மேல் வரி எண்ண முடியாது, ஒளி அலையின் கட்டத்தை நகர்த்தி அளக்கும் முறைக்குப் போக வேண்டும். அளந்தபோது 130 நானோமீட்டர் பக்கம். பூச்சின் பங்கு இது. இப்போதுதான் அண்ணன் சொன்ன தங்கத்தைக் குறைக்கும் வேலைக்கு அர்த்தம் வந்தது.

கவர் ஸ்லிப்பில் அளந்தது

குறைப்பதற்கு முன் எதைக் குறைப்பது என்று தெரிய வேண்டும். குரோமியம் 1000, தங்கம் 100 என்று நான் எடுத்துக்கொண்டவை பொதுவான மதிப்புகள். படலத் தகைவு இயந்திரத்துக்கு இயந்திரம், படியும் வேகத்துக்கு வேகம் மாறும் சமாச்சாரம். நம் எவாப்பரேட்டர் என்ன தருகிறது என்பதை நாமேதான் அளந்துகொள்ள வேண்டும்.

வழக்கமான வழி ஒரு முழு வேஃபரில் பூசி, முன்னும் பின்னும் அதன் வளைவை அளப்பது. 525 மைக்ரான் தடித்த 100 மில்லிமீட்டர் வேஃபரில் 20 நியூட்டன் விசை தரும் ஆரம் 400 மீட்டருக்கு மேல். 80 மில்லிமீட்டர் தூரத்துக்கு ப்ரொஃபைலரின் ஊசியை ஓட்டினால் நடுவுக்கும் ஓரத்துக்கும் 2 மைக்ரான்கூட வித்தியாசம் வராது. வேஃபர் பிறவியிலேயே அதைவிட அதிகம் வளைந்திருக்கும். ஒரே திசையில், அதே தாங்கு புள்ளிகளில் வைத்து அளந்து கழித்தால் விடை கிடைக்கும்தான். ஆனால் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வளைவு தடிமனின் வர்க்கத்தோடு குறைகிறது என்பதைத் திருப்பிப் போட்டால், மெல்லிய தட்டில் அளந்தால் அதே விசை பெரிதாகத் தெரியும். நுண்ணோக்கிக் கண்ணாடித் தட்டுகளை மூடும் கவர் ஸ்லிப் ஒரு பெட்டிக்கு அற்ப விலை. 22 மில்லிமீட்டர் சதுரம், தடிமன் 0.15 மில்லிமீட்டரை ஒட்டி. இதே பூச்சு அதில் விழுந்தால் ஆரம் 16 மீட்டர் சொச்சம். 20 மில்லிமீட்டர் தூரத்துக்குள்ளேயே 3 மைக்ரான் உயர்வு. நாலில் ஒரு பங்கு தூரத்தில் வேஃபரைவிட ஒன்றரை மடங்கு சமிக்ஞை. ஸ்டோனியின் எஃகுக் கோலுக்குக் கண்ணாடியில் ஒரு பேரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு ஸ்லிப்பின் தடிமனையும் மைக்ரோமீட்டரில் தனித்தனியாக அளந்து மூலையில் எண் போட்டுக்கொள்ள வேண்டும். தடிமன் வர்க்கமாக வருவதால் அதில் 10 விழுக்காடு பிசகினால் தகைவில் 20 விழுக்காடு பிசகும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் தடிமனை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. மற்றது, கவர் ஸ்லிப் தட்டை என்று நினைத்துவிடக் கூடாது. பூச்சுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, ஊசி அழுத்தத்தைக் குறைந்தபட்சத்தில் வைத்து ஓட்டிக் கழிக்க வேண்டும்.

சில ஸ்லிப்களைக் குரோமியத்துக்கு மட்டும், சிலவற்றைக் குரோமியமும் தங்கமும் சேர்ந்த பூச்சுக்கு வைத்தோம். குரோமியம் மட்டும் இருந்தவற்றில் உயர்வு ஒன்றரை மைக்ரானை ஒட்டி வந்தது. பூச்சின் மொத்த இழுப்பில் ஏறக்குறைய பாதி. எடுத்ததும் அளக்க வேண்டும், காற்றில் குரோமியத்தின் மேற்பரப்பு ஆக்சைடாகி இழுப்பும் மாறிக்கொண்டே போகும்.

அண்ணனிடம் போய், தங்கத்தைப் பாதியாக்குவதைவிடக் குரோமியத்தைக் குறைப்பது லாபம் என்றேன். “ஒட்டுமா?” என்பதுதான் அவர் கேள்வி. 3 நானோமீட்டர் குரோமியம் போட்டு, டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்த்தோம். ஒட்டியது. தங்கத்தையும் 60 நானோமீட்டராக்கினோம். 633 நானோமீட்டர் ஒளி தங்கத்துக்குள் 15 நானோமீட்டர் போவதற்குள்ளேயே, மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம் மட்டுமே மிஞ்சும். 60 நானோமீட்டரைத் தாண்டிப் போகும் ஒளி கணக்கில் கொள்ளும் அளவுக்கு இருக்காது. ஆடிப் பூச்சுக்கு 200 நானோமீட்டர் தங்கம் போடுவது பழக்கத்தால் வந்தது. அதனால் பிரதிபலிப்பு கூடப்போவதில்லை, வளைவு கூடும்.

இப்போது மீட்டருக்கு 3 நியூட்டனும் 6 நியூட்டனும் சேர்ந்து 9. கணக்குப்படி ஆரம் 2 மீட்டரைத் தொடுகிறது, குழிவு 60 நானோமீட்டர். அளந்தபோது சில்லுக்குச் சில்லு 50-க்கும் 80-க்கும் நடுவே நின்றது. மேல் சிலிக்கான் அடுக்கின் தடிமன் வேஃபர் முழுக்கச் சீராக இருக்காது. அந்த வித்தியாசம் வர்க்கமாக வந்து சேர்வதற்கும் இந்த விரிவில் பங்கு உண்டு. இலக்குக்குள் வந்தவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டோம்.

இடையில் ஒரு யோசனை வந்தது: அனீல் செய்தால், அதாவது சூடேற்றிக் குளிரவிட்டால், தகைவு போய்விடாதா? சிலிக்கான் மேல் இருக்கும் தங்கத்துக்கு இது எதிராக வேலை செய்யும். சூடேற்றும்போது தங்கம் சிலிக்கானைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் விரியும். இழுவிசை தளர்ந்து அமுக்கமாக மாறும், படலத்தின் நுண்படிக மணிகள் வளரும், படலம் அந்தச் சூட்டில் இளகிச் சமாதானமாகும். பிறகு குளிர வைத்தால் 100 டிகிரிக்கு 155 மெகாபாஸ்கல் என்ற கணக்கில் இழுவிசை திரும்ப ஏறும். முடிவில் தொடங்கிய இடத்தைவிட அதிக இழுவிசையில் நிற்கும். போதாக்குறைக்குக் குரோமியம் தங்க மணிகளின் எல்லை வழியாக மேலே ஊர்ந்து வந்து பிரதிபலிப்பைக் கெடுக்கும். அதனால் பூச்சுக்குப் பிறகு எந்தச் சூட்டுப்படியும் இல்லாதபடி வரிசையை மாற்றிக்கொண்டோம்.

எல்லாத் தகைவும் பகை என்று சொல்ல வரவில்லை. 1990-களில் ஸ்டான்ஃபோர்டில் ஓலாவ் சோல்கார்டும் டேவிட் ப்ளூமும் செய்த, ஒளியைக் கட்டுப்படுத்தும் நுண்சாதனமான கிரேட்டிங் லைட் வால்வில், இரு முனையும் கட்டிய சிலிக்கான் நைட்ரைடு நாடாக்கள் இழுவிசையோடு இருப்பதால்தான் விறைத்து நிற்கின்றன. மின்னழுத்தத்தில் கீழே போய்ச் சட்டென்று மேலே திரும்புகின்றன. இரண்டு முனையும் கட்டியிருந்தால் இழுவிசை தட்டையாக்கும். எங்கள் ஆடி போல விளிம்பு விடுபட்டு, தகைவு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வளைக்கும்.

சூடு, பிறகு பசை

நிலையான கோள வளைவு அப்படியொன்றும் பெரிய பாவமில்லை. அது குவியத்தை நகர்த்தும், அவ்வளவுதான்; முன்னால் இருக்கும் லென்ஸை ஒரு முடி நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்ய முடியாதது, ஓடும்போது மாறும் வளைவு. லேசர் பட்டு ஆடி சூடானால் தங்கம் விரிந்து இழுப்பு குறையும், ஆடி தட்டையாகும். 60 நானோமீட்டர் தங்கத்துக்கு 50 டிகிரி ஏற்றம் சுமார் 30 நானோமீட்டர் மாற்றம் தரும். பழைய 100 நானோமீட்டருக்கு 50-ஐத் தாண்டும். இதில் குரோமியத்தின் பங்கு சொற்பம், அது படிந்திருப்பதும் மெல்லிசு, சிலிக்கானைவிட அதிகம் விரிவதும் இரண்டு மடங்கு போலத்தான். ஆகவே நிலையான குழிவுக்குக் குரோமியத்தைக் குறைக்க வேண்டும், சூட்டில் வரும் மாற்றத்துக்குத் தங்கத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கும் வழி, பின்பக்கமும் அதே பூச்சைப் போடுவது. மேலும் கீழும் சமமாக இழுத்தால் வளைக்க ஆளில்லை, சூடானாலும் இரண்டும் சேர்ந்தே தளரும். ஒரு சில்லில் போட்டுப் பார்த்தோம். பின்பக்கக் குழி ஆழமானது என்பதால் சில்லைச் சுழலும் தாங்கியில் சாய்த்து வைத்தால் குழியின் சுவர் நிழல் விழுந்து ஆடியின் ஓரங்களில் பூச்சு மெலிந்துவிடும். மூலத்துக்கு நேர் மேலே, சுழற்சி இல்லாமல் வைக்க வேண்டும். ஆடி நன்றாகவே நிமிர்ந்தது. ஆனால் கீல்களின் அடிப்பக்கமும் தங்கம் பூசிக்கொண்டது. முறுக்கும் இடத்தில் தங்கம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தங்கம் மெதுவாக இளகும் உலோகம், ஆடியின் ஓய்வுக் கோணம் காலப்போக்கில் நகரும். முன்பக்கத்தில் கீல் மேல் தங்கம் தங்காதபடி லிஃப்ட்-ஆஃப் முறையில் (வேண்டாத இடத்தை ரெசிஸ்டால் மூடி, பூசிய பிறகு ரெசிஸ்டோடு உலோகத்தையும் எடுத்துவிடுவது) விட்டிருக்கிறோம். பின்பக்கத்தில் அதற்கு வழியில்லை. எங்கள் லேசருக்கு முன்பக்க மெல்லிய பூச்சே போதும் என்று அதோடு நிறுத்திக்கொண்டேன். சில வாட் ஒளியை ஆடியில் இறக்குகிறவர்கள் பின்பக்கப் பூச்சைத்தான் யோசிக்க வேண்டும்.

கடைசியாகச் சில்லைப் பேக்கேஜில் ஒட்டும் வேலை. நான்கு மூலையிலும் எப்பாக்சி வைத்துச் சூட்டில் இறுகவிட்டால், குளிரும்போது பேக்கேஜ் சுருங்கிச் சில்லின் சட்டத்தை வளைக்கும். ஆடியின் தட்டைத்தன்மையை அது பெரிதாகத் தொடாது, இரண்டு கீல்களில்தானே தொங்குகிறது. ஆனால் கீல்கள் இழுபட்டு ஒத்ததிர்வு அதிர்வெண் நகர்ந்துவிடும், ஆடியும் லேசாகச் சாயும். இப்போது ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு மென்மையான சிலிக்கோன் பசை, அறை வெப்பத்திலேயே இறுகவிடுகிறோம். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் அதிர்வெண்ணைக் குறித்துவைப்பதைச் சில்லுக் குறிப்பேட்டில் ஒரு பத்தியாகவே சேர்த்துவிட்டேன்.